சீனி அக்கா

எங்கள் ஆய்வகத்துக் கதவின் பித்தளைப் பிடி ஒரு காலத்தில் பளபளவென்று இருந்தது. யாரும் அதற்குப் பாலிஷ் போட்டதில்லை. ஜன்னல் கண்ணாடியையே ஆள் விட்டுத் துடைக்காத கல்லூரி அது, கதவுப் பிடியையா துடைக்கப் போகிறது? எல்லாம் சீனி அக்காவின் உள்ளங்கை செய்த வேலை. உள்ளே வரும்போதெல்லாம் அந்தப் பிடியில் கையை முழுதாகப் பதித்து, ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைப்பாள். கதவு திறந்தே கிடந்தாலும் அப்படித்தான். கையில் குடுவை இருந்தால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மற்றக் கையால் தொடுவாள்.

ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த புதிதில், அக்கா தொழிலைத் தெய்வமாகக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் இரண்டு நாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அக்கா பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல, பிள்ள. பட்டாசுக் கம்பெனியில ரூமு வாசல்ல செப்புத் தகடு அடிச்சிருப்பாக. அதத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். உடம்புல இருக்க கரண்டு மண்ணுக்குப் போயிரும். தொடாமப் போனா நம்ம கையில இருந்து வெடிமருந்துக்குத் தாவிரும். காலேஜ் லீவுக்கு லீவு வேலைக்குப் போன கை இது. விட மாட்டேங்குது."

"இங்க பத்திக்கிறதுக்கு என்னக்கா இருக்கு?"

"இருக்கோ இல்லையோ. நம்மகிட்ட இருந்து ஒண்ணு போயிரக் கூடாது."

அக்காவைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எனக்கு எதையும் ஒரு வரியில் நிறுத்தத் தெரியாது. விருதுநகரில் வத்தலும் மல்லியும் விற்கிற வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் கடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அக்கா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவளுடைய தாத்தா காலத்தில் பிறத்தியார் காட்டில் களை பறித்தவர்கள், அப்பா அம்மா காலத்தில் பட்டாசுக்கு வந்தவர்கள். அப்பா ஒரு விபத்தில் போனார். அதைப் பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். "எங்க அய்யாவத் தீ பாதிதான் தின்னுச்சு. மிச்சத்தப் பூச்சிதான் தின்னுச்சு. கட்டுத் துணியெல்லாம் பச்சப் பச்சையா வரும்."

அந்தப் பூச்சியைப் பிடிக்கத்தான் அக்கா மணிகள் செய்தாள். என் அம்மாவுக்கு நான் விளக்கிய மாதிரியே சொல்லிவிடுகிறேன். தீப்புண்ணில் ஒரு கிருமி வந்து குடியேறும், கட்டைப் பச்சையாக்கும். அது நம் உடம்பில் ஒட்டிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும். நம் செல்களின் மேல் பொடிப் பொடியாகச் சர்க்கரைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத்தான் பிடித்துத் தொங்கும். அக்கா கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளைச் செய்து, அவற்றின் மேல் அதே சர்க்கரையை நட்டு வைத்தாள். கிருமி ஏமாந்து மணியைப் பிடிக்க வேண்டும், கட்டு மாற்றும்போது மணியோடு சேர்ந்து வெளியே வந்துவிட வேண்டும். நாம் டீயில் போடுகிற சீனி இல்லை அது. ஆனால் எங்கள் துறையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், "சீனி அக்கா" என்று பெயர் விழுந்துவிட்டது.

உருண்டைக் குடுவையில் தண்ணீர், எண்ணெய் மாதிரி ஒரு மூலப்பொருள், சர்க்கரை கோத்த இன்னொன்று. நைட்ரஜன் குமிழ் விட்டுக்கொண்டு, சூடாக்கிக்கொண்டு, நிற்காமல் கலக்க வேண்டும். தெளிவாக இருந்த தண்ணீரில் முதலில் நீலம் போட்டது போல ஒரு மங்கல் வரும். பிறகு பாலாக வெளுக்கும். அந்த நீல மங்கல் வருகிற நேரத்தில் மட்டும் அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கலாம். மற்றவர்கள் அதைப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. பல நாள் அந்தப் பால் திரிந்து கட்டி கட்டியாகப் போய்விடும். கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

நன்றாக வந்தால் கழுவல். மணியில் ஒட்டாமல் சும்மா மிதக்கிற சர்க்கரையெல்லாம் போகும்வரை சுழற்றி, வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி சுழற்றி. நாங்களெல்லாம் போதும் என்று கையை உதறுகிற இடத்தில்தான் அக்கா கழுவவே தொடங்குவாள்.

"விடுக்கா, இதுக்கு மேல கழுவினா மணியே கரைஞ்சிரும்" என்பேன்.

"மிதக்கிறது மிச்சம் இருந்தா, பூச்சியப் பிடிச்சது மணியா மிதக்கிறதான்னு எப்படித் தெரியும்?"

தெரியாது என்பது அக்கா அதிகம் சொன்ன வார்த்தை. ஆண்டு மதிப்பீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், "அப்ப இது தீக்காயத்துக்கு மருந்தாகும், இல்லையாம்மா?" என்று எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லோரும் டீக்குப் போயிருக்கலாம். அக்கா, "தெரியாது சார்" என்றாள். எங்கள் வழிகாட்டி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது போட்டோவை அக்காவிடம் காட்டி, ஆள் எப்படி என்று கேட்டேன். வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, "சட்டை நல்லா இருக்கு" என்றாள். ஆளைப் பற்றிக் கேட்டால் போட்டோவை வைத்து எப்படித் தெரியும் என்கிறாள். அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டினேன். சட்டை விஷயத்தில் அக்கா சொன்னது சரிதான்.

இப்படி ஒருத்தியோடு யார் சேர்ந்து சாப்பிடுவார்கள்? மதியம் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஊர் வம்பு பேசும்போது அக்கா சைக்கிள் நிறுத்தத்தின் ஓரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள். யாரும் விலக்கி வைக்கவில்லை. ஆனால் அக்கா வந்து உட்கார்ந்தால் பேச்சு படுத்துவிடும். "அவன் அவளக் காதலிக்கிறானாம்" என்று ஒருத்தி ஆரம்பித்தால், "பாத்தியா?" என்று கேட்பாள். அதற்கு மேல் என்ன வம்பு பேசுவது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால் அவளே எழுந்து போனாள். நான் சில நாள் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போவேன். என் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பாள். அக்கா சொன்னால் அது நன்றாகத்தான் இருக்கும், அந்த ஒரு சௌகரியம் உண்டு.

ஒரு தடவை அக்காவின் அம்மா ஆய்வகத்துக்கு வந்தார். அன்று அவருக்குப் பட்டாசு ஆலை லீவு. வாசலில் நின்று பிடியைத் தொட்டுவிட்டுத்தான் அவரும் உள்ளே வந்தார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசையில் இருந்த வெள்ளைக் குப்பியைப் பார்த்து, "பாலு மாதிரில்ல இருக்கு. இதா தீப்புண்ணுக்கு?" என்று கேட்டார்.

"மருந்தா ஆனா நல்லா இருக்கும்மா. ஆகுமான்னு இன்னும் தெரியாது."

அம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போனார். கம்பெனி வேனில் காலையும் மாலையும் அவருக்குப் பேச்சு அதுதான். என் மக தீப்புண்ணுக்குச் சீனியில மருந்து கண்டுபிடிச்சிருக்கா. புருஷனைத் தீயில் கொடுத்தவர், மகளைப் படிக்க வைத்தவர், பேசாமல் என்ன செய்வார்? அந்த வேனில் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தச் செய்தி தேவையாகவும் இருந்தது. விஸ்வநத்தம், அச்சங்குளம் என்று எந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடி வருகிற ஜனம். எதற்கும் நம்ம பிள்ளை ஒன்று வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கலாம் அல்லவா.

அக்காவுக்கு ஊரில் ஒரே கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள், லீவு வேலையில் பக்கத்தில் உட்கார்ந்து திரி வைத்தவள். கல்யாணமாகி அதே ஊரில் இருந்தாள். அக்கா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவதே பாதி அவளைப் பார்க்கத்தான். ஒரு திங்கட்கிழமை அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. கலந்த வெடிமருந்து அன்றன்றைக்கே தீர வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. சனிக்கிழமை அவசரத்தில் யாரோ மிச்சம் வைத்துவிட்டார்கள், அது இரண்டு இரவில் சூடேறிக் காத்திருந்தது. அவளை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

அக்கா தினமும் சாயங்காலம் மதுரைக்குப் பஸ் ஏறினாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். தீக்காய வார்டுக்குள் எங்களை விடவில்லை. அக்கா இரும்புக் கதவில் கையைப் பதித்து நின்றாள். உள்ளேயிருந்து வந்த நர்ஸ், "ஏம்மா கதவத் தொடாத, போய்க் கையக் கழுவு" என்று அதட்டினார். அக்கா கையை எடுத்துவிட்டு, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். அந்தக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அழுகின பழ வாசனை ஒன்று வந்தது. அது அந்தப் பூச்சியின் வாசனை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மறுநாள் மதியம் கூட்டாளியின் புருஷன் எங்கள் ஆய்வக வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

"கட்டு பச்சையா வருது தாயி" என்றார். "நர்சம்மா சொன்னாக. உங்க அம்மா சொல்லுவாகல்ல, அந்தச் சீனி மருந்து. இதுல கொஞ்சம் ஊத்திக் குடு. வெந்நி ஊத்திக் கழுவித்தான் கொண்டாந்திருக்கேன். சுத்தமா இருக்கு."

அக்காவுக்குப் பின்னால் மேசையில் குப்பி நிறைய வெள்ளையாக இருந்தது. அன்று காலைதான் கழுவி முடித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அந்தா இருக்கே."

"அது மருந்து இல்லண்ணே."

"பின்ன என்னது?"

"மருந்தாகுமான்னு தெரியாது. ஒரு எலிக்குக்கூடப் போட்டுப் பாக்கல. பச்சப் புண்ணுல போட்டா ரத்தத்துக்குள்ள போயி என்ன செய்யும்னு தெரியாது. விசமாக்கூட இருக்கலாம்."

"சாகப் போறவள விசம் என்ன செய்யும் தாயி?"

"சாகப் போறாகன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டரு குடுக்கிறது வேல செய்யலாம். அதக் கெடுத்திரக் கூடாது. நான் குடுக்க மாட்டேண்ணே."

அவர் வராந்தாத் தரையில் உட்கார்ந்தார். அழவில்லை, திட்டவில்லை. கல்லூரி விடும்வரை அங்கேயே இருந்தார். அக்கா அவர் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள், உள்ளேயும் போகவில்லை. அவர் போன பிறகு பார்த்தால் தூக்குவாளி வாசலோரம் இருந்தது. மறந்து போனாரா, அக்கா மனசு மாறினால் ஊற்றி வைக்கட்டும் என்று விட்டுப் போனாரா, எனக்குப் புரியவில்லை.

கூட்டாளி அந்த வாரமே இறந்துபோனாள்.

அக்கா செய்தது சரிதான் என்று அன்றும் எனக்குத் தெரியும், இன்றும் தெரியும். எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் ஊரில் டாக்டரையா கேட்கிறார்கள்? கையில் வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை என்றுதான் பேச்சு. வேனில் அக்காவின் அம்மாவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே போனது. கடைசியில் அம்மாவே போன் போட்டு, "ஒரு சொட்டுக் குடுத்தா என்னடி? பொளச்சா பொளைக்கட்டும், இல்லன்னா அவ விதின்னு போயிருக்கும். நம்ம பேராவது தப்பிச்சிருக்கும்ல" என்று அழுதார். அக்கா போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆய்வகத்துக்கு வந்தாள். அந்தத் தீபாவளிக்கும் அங்கேதான் இருந்தாள். நான் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு போனபோது ஊரெல்லாம் வெடிச் சத்தம். அக்கா ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, கலக்கி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடுக்கா" என்றேன். ஒரு முறுக்கை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய கட்டடத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வீட்டுக்கு வர மனசே இல்லை. ஆனால் வந்தேன், வீட்டில் விருந்தாளிகள்.

அக்கா இப்போது வடக்கே ஏதோ ஒரு ஊரில், எலிகளுக்குப் போட்டு அந்த மணிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். போன் போட்டால் எடுப்பாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் யோசிப்பாள்.

அவள் வடக்கே போவதற்கு முன், அந்தத் தீபாவளி முடிந்து சில மாதத்தில் மணிகள் சரியாக அமைந்தன. முறைப்படி அனுமதி வாங்கி, தீப்புண்களிலிருந்து எடுத்துச் சேமித்த கிருமிகளை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சர்க்கரை இல்லாத வெறும் மணிகளோடு விட்டால் கிருமிகள் நுண்ணோக்கியில் இங்கும் அங்கும் ஓடின. சர்க்கரை மணிகளோடு விட்டதும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. நான் கத்தியேவிட்டேன். "பிடிச்சிருச்சுக்கா!" அக்கா என்னை நகரச் சொல்லிவிட்டுப் பார்த்தாள். எல்லாக் குப்பிகளிலும் பார்த்தாள். மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இதுல அவளோடது எதுன்னு தெரியுமா?"

"பேரு எழுத மாட்டாகளேக்கா, நம்பர்தான் இருக்கும்."

"ம்" என்றாள். எங்கள் வழிகாட்டி எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். அக்காவின் லட்டு காகிதத்திலேயே இருந்தது, எறும்பு வந்தது.

வழிகாட்டி சும்மா இருப்பாரா, செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. அன்று காலை அக்கா அலமாரியிலிருந்து அந்தத் தூக்குவாளியை எடுத்தாள். அதுவரை அது அங்கேயே இருந்தது, வாரா வாரம் கழுவித் துடைத்து வைப்பாள். திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். இந்த வாளியில் சீனியை எப்படிப் போடுவது? சாவு நடந்த வீட்டுக்கு அரிசியையும் போட முடியாது, வாய்க்கரிசி நினைப்பு வரும்.

"வேற யாரு சொல்லியும் அவுக கேக்கக் கூடாது. நான்தான் சொல்லணும்" என்றாள். நானும் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

கூட்டாளியின் புருஷன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மரக் கதவு. அக்காவின் கை நிலைப்படியில் தடவிக்கொண்டே போய்த் தாழ்ப்பாள் இரும்பைத் தொட்டு நின்றது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்தார்.

"எதுக்குத் தொடுற? இனிமே இங்கன பத்திக்கிட என்ன இருக்கு? உள்ள வா."

அக்கா கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். உள்ளே போனோம். வாளியை நீட்டினாள். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"என்ன போடன்னு தெரியலண்ணே."

"நல்ல வேள, சீனியப் போட்டுக் கொண்டாரல" என்றார். மூடியை மூடினார். "இப்பப் பிடிக்குதாமே. பேப்பர்ல போட்டிருக்குன்னாக."

"ஆமண்ணே. அதச் சொல்லத்தான் வந்தேன். கண்ணாடிக் குழாய்க்குள்ள பிடிக்குது."

"அப்ப அன்னைக்குக் குடுத்திருந்தா?"

அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். குரல் இறங்கிவிட்டது, கெஞ்சுகிற குரல்.

"உன்னையக் குத்தம் சொல்ல வரல தாயி. நான்தான் அன்னைக்கு அங்கன உக்காந்துட்டு வெறுங்கையோட வந்தவன். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ, காலுல விழுந்திருக்கலாமோன்னு தினமும் இருக்கு. தூக்கம் இல்ல. நீ படிச்சவ. குடுத்திருந்தாலும் அவ பொளச்சிருக்க மாட்டான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அது போதும்."

சொல்லு அக்கா, சொல்லித் தொலை என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நானாக இருந்தால் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருப்பேன். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்கா சொன்னால்தான் அவர் நம்புவார். தெரியாததைச் சொல்ல மாட்டாள் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது, அவரைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்.

அக்காவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. "தெரியாதுண்ணே" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். வாளியைத் திரும்ப அக்காவின் கையில் வைத்தார். "நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் கூட்டமில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்திருந்தாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம், பேச்சே கொடுக்கவில்லை. சாத்தூர் தாண்டியிருக்கும். ஏதோ முணுமுணுப்பு கேட்டுத் திரும்பினேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொளச்சிருக்க மாட்டாண்ணே."

கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடியும் அதையே, இன்னும் மெதுவாக, அவர் எதிரில் நிற்பது போல. "பொளச்சிருக்க மாட்டா." பிறகு இல்லை என்று தனக்குத்தானே தலையை ஆட்டினாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். என் விரல் படுவதற்கு முன்னால் அந்தக் கை முன் சீட்டின் இரும்புக் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. விருதுநகர் வரும்வரை அதை விடவில்லை.